கோவா மட்டும் செழித்த தோட்டம்

காலை ஆறரை மணி. வேலணையில், மீனலோசனியின் வெங்காயத் தோட்டத்தில் கனகசபை குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. அருகே கிடந்த மண்வெட்டி மீனலோசனியுடையது.

பக்கத்துத் தோட்டக்காரரான கனகசபை உப்புக் கரைத்து ஊற்றித்தான் தன் பயிர் சாகிறதென்று முதல்நாள் சந்தியில் நின்று மண்ணள்ளித் தூற்றியவள் அவள். பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு அதுவே போதும். அவளுக்கு விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார். உப்பை உறுதிப்படுத்த மட்டும் விவசாயப் போதனாசிரியர் நிமலினியை அழைத்திருந்தார்.

நிமலினி மண்ணில் கருவியைச் செருகிப் பார்த்தாள்.

“உப்பில்லை, சேர்.”

“அப்ப பயிர் ஏன் செத்தது?”

வெங்காயமும் மிளகாயும் மஞ்சளித்துக் கிடந்தன. நடுவே கோவா எனும் முட்டைக்கோசு மட்டும் கொழுத்திருந்தது. வேலிக்கரையில் ஒரேயொரு வெங்காயப் பாத்தி பச்சையாக நின்றது.

“ஆர் தண்ணி இறைக்கிறது?”

“அண்ணைதான். மோட்டர் அவற்ர,” என்றாள் மீனலோசனி ஜீப்பிலிருந்து. “வேலிக்கரைக்குப் பைப் எட்டாது. அதுக்கு நான் வாளியால ஊத்துறனான். ரெண்டுக்கும் எருவும் கிணறும் ஒண்டுதான்.”

அவளுடைய அண்ணன் லவன் வேலியருகே வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். “அவளுக்குக் கைராசியில்லை, மிஸ். புருசனையும் திண்டவள்.”

“செத்தவற்ர கையில என்ன, சேர்?”

“மருந்துப் போத்தல் மூடி. தோட்டக்காரன்ர கையில வேற என்ன இருக்கும்?”

நிமலினி மூடியை முகர்ந்தாள். பங்கசுநாசினி, பூஞ்சையைக் கொல்லும் மருந்து.

“மோட்டர்க் கொட்டிலைத் திறவுங்கோ.”

பூட்டின் திறப்பு லவனின் மடியில் இருந்தது. கொட்டிலுக்குள் மூடியில்லாத போத்தல்.

நிமலினி ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிக் காட்டினாள். “இதின்ர வேர் குட்டை, சேர். மண்ணில இருக்கிற பங்கசு ஒண்டு வேருக்குள்ள புகுந்து, நூல்நூலா வெளியில ஓடி, வேர் எட்டாத இடத்துப் பொசுபரசுச் சத்தைக் கொண்டுவந்து குடுக்கும். வெங்காயம் அதுக்குச் சீனி குடுக்கும். மிளகாயும் அப்பிடித்தான். கோவாவுக்கு அந்தத் துணை தேவையில்லை. பங்கசைச் சாகடிச்சால், பயிர் எருவுக்கு நடுவில பட்டினி கிடந்து சாகும். வாளித் தண்ணி குடிச்சது தப்பிச்சுது. பைப் தண்ணி குடிச்சது செத்தது. லவன் பைப் தண்ணிக்கு மருந்து கலக்கேக்க கனகசபை ஐயா கண்டிட்டார். மூடியைப் பறிச்சும் போட்டார். அதோட லவன் மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறான்.”

லவன் வெற்றிலையைத் துப்பினான். “அம்மாவின்ர காணி. சீதனமெண்டு முழுக்க இவளுக்கே குடுத்தினம். பட்டினி எப்பிடியெண்டு இவளும் பாக்கட்டுமெண்டு விட்டனான்.”

“கனகசபையண்ணை உனக்கு என்ன செய்தவர்?” மீனலோசனி அலறினாள்.

லவன் சிரித்தான். “எனக்கொண்டும் செய்யேல்லை. மூடியைக் கொண்டுவந்து உன்னட்டைக் காட்டப்போனவர். நீ சந்தியில நிண்டு தூத்தினதைக் கேட்டபிறகும்.”

அவளுடைய விலங்கைக் கழற்றினார்கள். அவள் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை.