இடது முள்

இடது இன்ஜினின் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் லேசாக நடுங்கியது. மழை ஓய்ந்த ஐப்பசி மாலை. கீழே பூந்தமல்லியின் விளக்குகள் ஈரத்தில் கரைந்து கிடந்தன. துணை விமானி ரெனிதாவின் மூக்கில், ஆறிப்போன காபி வாசனைக்கும் ஈரச் சட்டை வாசனைக்கும் அடியில், அவள் உட்கார்ந்திருந்த வலப்பக்கத்திலிருந்து கருகிய எண்ணெய் நெடி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"சார், இடது ஆயில் இறங்குது."

கேப்டன் சண்முகசுந்தரம் எட்டிப் பார்த்தார். "காலைலதான் ரெண்டு பக்க முள்ளோட ஒயரையும் கழட்டி மாட்டினாங்க. மாட்டின லட்சணம்! பார்த்துக்கிட்டே இரு. ஆமா, உங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் டார்ச்சோட நிப்பாரா?"

"மழை நாளாச்சே சார்."

"நிப்பாரும்மா. கலங்கரை விளக்கம் ஆச்சே அவர்."

ரெனிதா வீடு திரும்பும் மாலைகளில் ஜெர்வின் கோவில்பதாகை அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நின்று டார்ச்சை மேலும் கீழும் ஆட்டுவான். அந்தப் புள்ளி அவளது வலது ஜன்னலில் தோன்றும். நழுவிப் பின்னால் போய்விடும்.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. முள், விளக்கு, இரண்டும் சொன்னால்தான் இன்ஜினை நிறுத்த வேண்டும். முள் மட்டும் சொன்னால் பழுது முள்ளில்தான் என்று விட்டுவிட வேண்டும். முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்த பாடம்.

"விளக்கு வரட்டும் சார்."

"வர்றதுக்குள்ள இன்ஜின் வெந்துடும்." அவர் கை இடது நெம்புகோலின் மேல் போயிற்று. "இடது. உறுதியா?"

ஒருவர் கை வைத்தால் மற்றவர் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பின்னால் அறுபத்தெட்டுப் பேர். அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம். அவளுக்கு இரண்டு.

"உறுதி," என்றாள்.

நெம்புகோல் பின்னால் வந்தது. இடது விசிறி தளர்ந்தது, நின்றது. பாதி இரைச்சல் காணாமல் போனது. ரெனிதா முள்களைப் பார்த்தாள்.

விழுந்துகொண்டிருந்தது வலது முள்.

இணைப்புகள் மாறியிருந்தன. இத்தனை நேரமும் இடது முள் பேசியது வலது இன்ஜினைப் பற்றி.

விளக்கு எரிந்தது. சிவப்பு. வலது.

"சார்..."

அவர் கை இடது நெம்புகோலை முன்னால் தள்ளியது, தள்ளியது. மறுபடி கிளப்ப உயரம் போதாது. அவளது ஜன்னலுக்கு வெளியே உலோகம் உலோகத்தை அரைத்தது. நெடி. புகை. பிறகு விசிறியின் இலைகளை எண்ண முடிந்தது. ஆறு.

காற்று மட்டும்.

வலது ஜன்னலில் டார்ச்சைக் காணோம்.

நேர் எதிரே இருந்தது. கண்ணாடியின் நடுவில். நழுவவில்லை. பெரிதாகிக்கொண்டே, மேலும் கீழும், மேலும் கீழும், சந்தோஷமாக ஆடியது.