சேனாதிபதியின் பேரிக்காய்

"அந்த சேனாதிபதியை மட்டும் நேர்ல பாத்தேன்னு வையி... கடல்ல தள்ளி விட்ருவேன்டி!"

ஆக்ஸிலியா தோழியிடம் போனில் கத்திய கத்தலில் கொடைக்கானல் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வேறு சோலி என்ன? மலைப்பாதையில் மரம் விழுந்து, கொட்டுகிற மழையில் பஸ் நின்றது நின்றபடி நிற்கிறது. அந்த நேரம் பார்த்து சிக்னலும் போய்த் தொலைந்தது.

பேரிக்காயைக் கடிக்கப் போன பக்கத்து சீட்டுக்காரனின் கை அப்படியே நின்றது. இமையில் மழைத்துளி... உள்ளே ஒரு திருட்டு முழி. அழகான கண்கள்தான். அழகாயிருந்து என்ன, இன்றைக்கு எதைப் பார்த்தாலும் அவளுக்கு எரிச்சல்.

"யாருங்க... அந்த சேனாதிபதி?"

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டாள். நடுக்கடலில் மிதக்கிற எண்ணெய்க் கப்பல். அதை நங்கூரச் சங்கிலிகளோடு பிணைத்து, அலைக்குத் தக்கபடி திரும்ப விடுகிற ராட்சத பேரிங். அதன் இரும்பு களைத்துவிட்டது, விரிசல் விடும், மாற்றுங்கள் என்று இவள் அறிக்கை எழுதினால், வேறொரு ஆபீசில் உட்கார்ந்து அதைச் சரிபார்க்கிற, முகமே பார்த்திராத மகானுபாவர் 'ஆபத்தில்லை' என்று திருப்பித் திருப்பி அனுப்புகிறார். நாளைக்குள் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், புயல் மாதங்களையும் அதே பேரிங்தான் தாங்கியாக வேண்டும்.

"கப்பல் நெறைய ஆளுங்க இருக்காங்க சார்!"

"அவரு கணக்குல..."

"கணக்கா? குடுங்க அதை!" கனிந்த பேரிக்காயைப் பிடுங்கி, கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரி அழுத்தினாள். "அழுத்தம் கூடுச்சா, கொறஞ்சுச்சா? திசைதான மாறுச்சு? அளவு மாறல, அதனால சேதமே இல்லைங்கறார் அந்தாளு. பழத்தைப் பாருங்க!"

பழம் சுற்றிலும் கன்றியிருந்தது. அவன் முகமும்தான்.

"அலை ஒரு பக்கம்... காத்து ஒரு பக்கம் முறுக்கும்... அட, இதை எப்படி விட்டேன்!"

ஆக்ஸிலியாவுக்குச் சுருக்கென்றது. "நீங்க... யாரு?"

"கோவிச்சுக்காதீங்க. ஊரு பள்ளங்கி. பேரு... சேனாதிபதி."

அய்யோ! முறுக்கு மீசை, சோடாபுட்டிக் கண்ணாடி, தலை நரைத்த ஆள் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"மொதல்லயே சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"கடல்ல தள்ளுவேன்னீங்களே..."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாள் உயிரை வாங்கியவனை ஒரு சிரிப்பில் மன்னிக்க இவள் என்ன ஏமாளியா?

மரத்தை அறுத்து அகற்றிய பிறகு, பஸ் பெருமாள்மலையைத் தாண்டியதும் சிக்னல் வந்தது. அவன் போனில் எதையோ தட்டினான். இவள் போன் சிணுங்கியது. இருவரின் ஆபீஸ் பெரியவர்களுக்கும் நகல் போட்ட மெயில்: 'ஆக்ஸிலியா சொன்னதே சரி. தவறு என்னுடையது. பேரிங்கை மாற்றவும்.'

அத்தனை பேர் முன்னால் 'தவறு என்னுடையது' என்று எழுத எத்தனை ஆம்பளைக்கு மனசு வரும்? அவள் வீம்பு போன இடம் தெரியவில்லை. அவனைப் பிடித்துத் தொலைத்துவிட்டது.

"இன்னொண்ணுங்க..." அவன் குனிந்தபடி சொன்னான். "திருப்பி அனுப்புனது நெசமாவே சரின்னு நெனச்சுத்தான். ஆனா உங்க பதில் வர்ற வரைக்கும் எனக்கு ஒரு சோலியும் ஓடாது. அந்தக் கோவம்... புடிச்சுப் போச்சுங்க. இனிமே மெயில் வராதேன்னுதான் கவலை."

அவள் கன்றின பழத்தில் ஒரு கடி கடித்தாள். தேனாய் இனித்தது. மீதியை அவன் கையில் வைத்தாள்.

"உங்களைத் திட்டாம நான் ஒருநாள்கூட தூங்குனதில்ல, தெரியுமா? இனிமே யாரைத் திட்டுறது? ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பேசுங்க... காலம்பூரா நீங்களே திட்டு வாங்குங்க!"