புகார் வராத ஏரியா

மதியம் அந்த மருந்துக்கடைப் பலகையில் பெரிய எழுத்தை மட்டும்தான் அவளால் படிக்க முடிந்தது. தூங்கி எழுந்து சாயங்காலம் ஹோட்டல் ஜன்னலின் திரையை விலக்கியபோது அடியிலிருந்த பொடி எழுத்தும் தெரிந்தது. கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள், பலகை எழுதியவர் பெருமைக்கு ஓரத்தில் போட்டுவைத்த போன் நம்பர் உட்பட. கண்ணாடிக் கடையில் வருஷக்கணக்காக ஊரார் பார்வையைச் சோதித்துக்கொண்டிருப்பவள் அவள். எந்த எழுத்து எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒரு மத்தியானத் தூக்கத்தில் யாருக்கும் பார்வை கூடிவிடுவதில்லை.

அசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனாள்.

இந்த அறையைப் பிடித்துக் கொடுத்தது அக்கா. டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து வெளியூர் போகிறவர்களுக்கு ரூம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. அக்கா சொன்ன இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். மகளின் காது ஆபரேஷனுக்கு இந்தப் பெரிய நகரத்துக்கு வரவேண்டும் என்றானதும் அக்கா மேப்பை விரித்து வைத்துப் பாடமே எடுத்துவிட்டாள்.

"முதல்ல ஏரியாவைப் பாக்கணும்டி, அப்புறம்தான் ஹோட்டல். இந்த ஏரியாவை எடுத்துக்கோ. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, சாப்பாடு, பஸ் எல்லாம் பக்கத்துலயே. எத்தனை பேரை அனுப்பியிருக்கேன், ஒரு புகார் வந்ததில்ல."

வார்டில் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். "நீ மூணு நாளா தூங்கல. போய்ப் படு. சாயங்காலம் வந்து என்னை மாத்திவிடு" என்று கூடவே வந்திருந்த அக்கா அவளை வலுக்கட்டாயமாக அனுப்பிவைத்தாள். மறுநாள் காலையில் ஆபரேஷன். மயக்க ஊசி போடும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆறு வயது மகள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படிக்கட்டு முழுக்க மருந்து நெடியும், எங்கோ எண்ணெய் கொதிக்கும் வாசனையும், ஈரத்துணியில் இஸ்திரிப்பெட்டி இழையும்போது வரும் அந்தச் சூடான ஆவி வாசனையும் சேர்ந்து, இந்தக் கடைகளெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டி நிற்பதைப்போல மண்டிக் கிடந்தன. வரவேற்பு மேஜையில் இருந்தவர் அவள் கேட்காமலேயே, "எல்லாம் பக்கத்துலதாம்மா" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

தெருவின் கடைசியில் ஆஸ்பத்திரியின் உயரமான கட்டடம் தெரிந்தது. உச்சியில் சிவப்பு விளக்கு. அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். மருந்துக்கடையைத் தாண்டினாள், சாப்பாட்டுக் கடையைத் தாண்டினாள், ஆளில்லாத பஸ் நிறுத்தத்தைத் தாண்டினாள். கடைகளின் விளக்குகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து தோளில் உரசுவதைப்போல இருந்தது, உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள், செருப்புச் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரமாகத் திரும்பி வந்தது. சிவப்பு விளக்கு மட்டும் அதே அளவில் இருந்தது. தூரத்தை அளந்தே சோறு தின்பவள். அதனால் தான் அதை நெருங்கவே இல்லை என்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது, நம்பத்தான் மனசு வரவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். ஹோட்டல் வாசல் முதுகுக்குப் பின்னால் நின்றது.

ஓடினாள். ஓடி நின்றபோது இடது பக்கம் இஸ்திரிக் கடை. அதன் பெஞ்சில், வேலை ஏதும் இல்லாதவரைப்போல, அத்தான் உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் புருஷன். சில வருஷங்களுக்கு முன் வேலை விஷயமாக இந்த நகரத்துக்கு வந்தவர், வீட்டுக்கு வரவே இல்லை. யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்ன தைரியம் பார் என்று தங்கை இவளே ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள்.

"அத்தான்!"

அவர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். சட்டை நலுங்காமல் இருந்தது, முகம்தான் வெயில் படாத செடியாக வெளுத்திருந்தது.

"நீயா?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "உங்கக்காதான் ரூம் போட்டாளா?"

அவள் தலையாட்டினாள்.

"எனக்கும் அவதான் போட்டா" என்றார் அத்தான். "உள்ள போயிடும்மா. வெளிய நிக்கறவங்களுக்கு இங்க இடம் குறைஞ்சுக்கிட்டே வரும்."

அவர் முழங்கால் எதிர்க்கடைப் படியில் இடித்தது. சற்று முன்பு அந்த இடத்தில் தெரு இருந்தது.

படியேறி அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டது அவளுக்கு நினைவில்லை. போனில் அக்காவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அக்கா.

"அக்கா, இந்த இடம் சரியில்ல. வண்டி ஏதாவது அனுப்பு. நான் எப்படியாவது அங்க வந்துடறேன்."

"ஏண்டி, ரூம் வசதியா இல்லையா?"

"அத்தானைப் பாத்தேன்."

அந்தப் பக்கம் வார்டின் சத்தம் மட்டும் கேட்டது. தள்ளுவண்டிச் சக்கரம். யாருடைய இருமலோ. பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்: "நல்லா இருக்காரா?"

இவளை எனக்குக் குடுத்துடேன், எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே என்று குழந்தையின் முதல் பிறந்தநாளிலிருந்து அக்கா சிரித்துச் சிரித்துக் கேட்டதெல்லாம் நினைவு வந்தது. தானும் கூடச் சிரித்தது நினைவு வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவள். தூங்கு என்று தலையைத் தடவி அனுப்பி, கழுத்தை அறுத்துவிட்டாள்.

"பாவி... என் குழந்தைகிட்ட போனைக் குடு."

"அழாதடி. ஆபரேஷன் ஃபாரத்துல அம்மான்னு நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீ கவலைப்படாம இரு."

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "பெரியம்மா, அம்மா எப்ப வருவா?"

"அம்மாவுக்கு வேலைடா செல்லம். கையை நான் பிடிச்சுக்கறேன்."

"ம்" என்றது குழந்தை. அவ்வளவு சுலபமாக. பிறகு இணைப்பு அறுந்தது.

அவள் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். குரல் தொலைவுக்குப் போகவில்லை. வாயைவிட்டு வெளியே வந்ததும் எதிலோ முட்டி நின்றது.

கதவைத் திறந்தாள். வெளியே நடைவழி இல்லை. இன்னொரு கதவு. அதை இழுத்தாள். செங்கல்.

ஜன்னலுக்கு ஓடினாள். பலகை இல்லை. தெரு இல்லை. வானம் ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியது. எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் இவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது. சட்டமும் சட்டமும் பொருந்தும் சத்தம் மென்மையாகக் கேட்டது.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள். நெருக்கியடித்துக்கொண்டு, தோளோடு தோளாக, வெளுத்த முகங்கள். கையில் பெட்டியோடு ஒருத்தி. டை கட்டிய ஒருவர். முன்வரிசையில் நின்ற கிழவர் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். பின்னாலிருந்தவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு, காலை ஒடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் விடுவதைப்போல அவ்வளவு மரியாதையாக, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு நகர்ந்து கொடுத்தார்கள்.