தையற்கடைக் கொலையும் ஒரு சொல்லும்

மறுநாள் காலை தன் கணவன் கொலையை ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று சொல்ல, அண்ணனையும் அழைத்துக்கொண்டு அவள் வக்கீலின் அறைக்கு வந்தாள்.

கணவன் தையற்காரன். மூன்று வாரத்துக்கு முன் அவனுடைய கூட்டாளி கடைக்குள் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். அன்று பகலில் இருவரும் போட்ட சண்டையைத் தெருவே கேட்டிருந்தது. கணவன் ஐந்து மணிக்கு வீடு திரும்பி, ஏழு மணிக்கு மறுபடி வெளியே போய்வந்தான். போலீஸுக்கு அது போதும்; கடையிலிருந்த இரும்புக் கம்பிதான் ஆயுதம் என்று எழுதிவிட்டார்கள்.

திட்டமிட்டுக் கொன்றால் ஒரு தண்டனை, ஆத்திரத்தில் கைமீறிப் போனால் அதைவிடக் குறைவு என்று அண்ணன்தான் அவளுக்கு எடுத்துச் சொல்லியிருந்தான். சிறைக்குப் போய்க் கணவனிடம் அழுது சம்மதம் வாங்கியவள் அவள்.

"இஸ்திரி போடுற கரிப்பெட்டி கைக்குக் கிடைச்சிருக்கு, கோவத்துல அடிச்சுட்டாரு. மாப்பிள்ளை அப்படியே சொல்லட்டும் சார்" என்றான் அண்ணன், லாரி ஓட்டிக் காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு.

வக்கீல் பேனாவை மூடினார். கடைக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். ஒரு மாதம் என்றான். சிறையில் மாப்பிள்ளையைப் பார்த்தானா? இல்லை.

"கடையில என்ன இஸ்திரிப்பெட்டிம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"கரண்டுப் பெட்டிங்க. கரிப்பெட்டி பத்தி அவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

வக்கீலின் ஜூனியர் பெண்ணுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையற்கடைக்குப் பக்கத்துச் சலவைக் கடைக்காரரை அன்றுதான் விசாரித்து வந்திருந்தாள். கரண்டுப் பெட்டி பழுதாகி, செத்தவர் கொலை நடந்த அன்று மாலை ஆறு மணிக்கு அவரிடம் கரிப்பெட்டியை இரவல் வாங்கியிருக்கிறார். மறுநாள் காலையில் அது சலவைக் கடை வாசலில் இருந்தது. செத்தவரே திருப்பி வைத்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"போலீஸ் அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஆனா காயத்தோட விளிம்பு வெந்திருக்குன்னு டாக்டர் எழுதியிருக்கார்" என்றார் வக்கீல். "அடிச்சவனுக்குத்தான் அது கரிப்பெட்டின்னு தெரியும்."

அண்ணன் ஒருவர் மேல் லாரியை ஏற்றிக் கொன்ற வழக்கு அடுத்த மாதம் வருகிறது என்றும், அதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி செத்துப்போன கூட்டாளிதான் என்றும் ஜூனியர் சொன்னாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "குறைஞ்ச தண்டனைதானேம்மா வாங்கித் தரப் பார்த்தேன்."

அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். வக்கீல் போலீஸுக்குப் போன் செய்யும்வரை அவன் பக்கம் திரும்பவில்லை.

பத்து நாளில் கணவன் வெளியே வந்தான். சிறை வாசலில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் செஞ்சிருப்பேன்னு நீயும் நம்பினியா?"

"ஆமாங்க" என்றாள். துணிப்பையை அவள் கையிலிருந்து வாங்காமல் அவன் முன்னே நடந்தான்.