பச்சைக் கையெழுத்தும் பத்தாவது நாளும்

சக்கர நாற்காலிப் பட்டறைக்கார அம்மா மாடிப்படி ஏறி வந்தபோது, மின்னல் தன் தட்டச்சுப் பொறிக்குப் புது ரிப்பன் மாட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயதாகியும் அலுவலகம் வைத்த அந்தப் பட்டப்பெயர் அவளை விட்டுப் போகவில்லை. எதிர் மேசையில் நிதானம். மேல்முறையீட்டு வாரியத்தில் முப்பது வருஷம் பதிவாளராக இருந்தவர். அவருக்கும் பேர் வைத்தது அதே அலுவலகம்தான். ஓய்வுபெற்ற பின் இருவரும் இந்த அறையில் மனு எழுதித் தருகிறார்கள். சமயத்தில், மனுவில் அடங்காத சிக்கலையும் அவிழ்க்கிறார்கள்.

“பத்து நாள் டயம் சார். பத்தாவது நாளே கொண்டுபோய்க் குடுத்தேன். ஆனா பதினோராவது நாள்தான் குடுத்தேனாம், செல்லாதுன்னு லெட்டர் வந்திருக்கு,” என்றாள் அந்த அம்மா, உட்காருவதற்கு முன்பே.

விஷயம் இதுதான். அரசு மருத்துவமனைகளுக்கு நானூறு சக்கர நாற்காலிகள் வாங்க டெண்டர் விட்டிருந்தார்கள். அது வேறொரு கம்பெனிக்குப் போனது. முடிவு இவள் கைக்கு வந்த நாள் நாலாம் தேதி. ஆட்சேபிப்பதென்றால் பதினாலுக்குள் வாரியத்தில் மனு கொடுத்தாக வேண்டும்.

“அவங்க நாற்காலி வார்டு கதவுக்குள்ளயே நுழையாது சார், அவ்வளவு அகலம். அளந்து பார்த்துதான் மனு போட்டேன். என் பட்டறையில பதினாலு பேர். அதுல ஆறு பேர் நாற்காலியில உக்காந்துக்கிட்டே வேலை செய்யறவங்க. நாளைக்கு அந்தக் கம்பெனியோட ஒப்பந்தம் கையெழுத்தாகுது. அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காது.”

“பதினாலாம் தேதி எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?” என்றார் நிதானம்.

“நாலரை இருக்கும். கொட்டற மழை. தொப்பலா நனைஞ்சு போய் நின்னேன். கவுண்டர்லதான் கையெழுத்துப் போட்டேன், எங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன பச்சை மைப் பேனாவால. ‘வெச்சிட்டுப் போங்க, முத்திரை குத்தின நகலை நாளைக்கு வந்து வாங்கிக்குங்க’ன்னார் குமாஸ்தா. மறுநாள் போய் வாங்கினேன். தேதியைப் பாக்கணும்னு தோணவே இல்ல.”

“ஜெயிச்ச கம்பெனிக்காரன் குமாஸ்தாவை நல்லாக் கவனிச்சிருப்பான்!” என்று மின்னல் கொதித்தாள்.

“இருங்க, மின்னல். முதல்ல காகிதத்தைப் பார்ப்போம்.”

பதினொரு மணிக்கு மூவரும் வாரிய அலுவலகத்தில் இருந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு மின்னல் அங்கே கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கவுண்டர் மரம் அதேதான். முழங்கைகள் ஊன்றி ஊன்றிப் பள்ளமாகி இருந்தது. அவளுடைய தட்டச்சுப் பொறி இருந்த மூலையில் இப்போது தண்ணீர்க் கேன். ஒரு காலத்தில் அந்தக் கூடத்தில் பன்னிரண்டு பொறிகள் ஒன்றாகப் பேசிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாம் ஒரே கணத்தில் வாய் மூடும். அந்தத் திடீர் அமைதியில் யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள். அவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள்? பசையும் மையும் கலந்த பழைய வாசனை மட்டும் மாறாமல் மூக்கில் ஏறியது.

வாரியத் தலைவி ஒரு காலத்தில் நிதானத்திடம் வேலை பழகியவர். “நீங்க கேட்டு இல்லைன்னு சொல்வேனா சார்?” என்று மனுக் கோப்பை வரவழைத்து, குமாஸ்தாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பதினஞ்சாம் தேதிதான் குடுத்தாங்க மேடம். ரெஜிஸ்டர்லயும் அப்படித்தான் இருக்கு,” என்றார் ஐம்பது வயது மதிக்கத்தக்க குமாஸ்தா.

நிதானம் மனுவைக் கண்ணருகே கொண்டுபோனார். பச்சைக் கையெழுத்து ஈரத்தில் ஊறிப் பரவியிருந்தது. அதே இடத்தின் மேல்தான் முத்திரையும் விழுந்திருந்தது.

“கையெழுத்து கலங்கியிருக்கு. முத்திரையில ஒரு எழுத்துகூடக் கலங்கலை. அப்போ காகிதம் காய்ஞ்ச பிறகுதான் முத்திரை விழுந்திருக்கு.”

“முந்தின நாள் மழையில நனைஞ்சதை வீட்டுல காயவெச்சு மறுநாள் கொண்டு வந்திருக்கலாமே சார்,” என்றார் குமாஸ்தா.

மின்னலின் முகம் தொங்கிப்போனது. அப்படியும் நடந்திருக்கலாம்தானே? நிதானம் மட்டும் அசையவில்லை. “பதினஞ்சாம் தேதி முத்திரை விழுந்த எல்லாத் தபாலையும் பார்க்கணுமே,” என்றார்.

கட்டு வந்தது. ஆளுக்குப் பாதியாகப் புரட்டினார்கள். தெருவிளக்குப் பிரிவு அனுப்பிய ஒற்றைத் தாள் கடிதத்தின் முதுகில் பச்சையாக ஏதோ தீற்றல். மின்னல் அதைத் தாண்டிப் போகப் பார்த்தவள், சட்டென்று நின்றாள். கார்பன் தாளைத் தலைகீழாகச் செருகிவிட்டு, பக்கத்தின் முதுகில் இடவலம் மாறி விழுந்த எழுத்தைப் படித்துத் திட்டு வாங்கிய நாட்கள் எத்தனை! அவள் எழுந்துபோய்க் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“சார்! அந்த அம்மாவோட கையெழுத்து! கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி விழுந்திருக்கு!”

“அதேதான்,” என்றார் நிதானம். “மை காயறதுக்கு முன்னாடி அது மேல இந்தக் கடிதத்தை வெச்சிருக்காங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே தட்டுல இருந்திருக்கு. இது எப்போ வந்ததோ, மனு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு.”

“அதுலயும் பதினஞ்சுன்னுதானே இருக்கு…” குமாஸ்தாவின் குரல் இறங்கியிருந்தது.

“முத்திரை உங்க கையில. ஆனா தபால் கொண்டு வர்றவர் தன் நோட்டுல கையெழுத்து வாங்காம போகமாட்டாரே?”

தெருவிளக்குப் பிரிவு இரண்டு தெரு தள்ளித்தான். தலைவி போன் செய்த அரைமணி நேரத்தில் அந்தப் பிரிவின் பியூன் தபால் நோட்டோடு வந்து நின்றார். அந்தக் கடிதத்துக்கு நேரே குமாஸ்தாவின் சொந்தக் கையெழுத்து. தேதி பதினாலு. நேரம் நாலு ஐம்பது.

குமாஸ்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சு பத்து ரயிலை விட்டா வீடு போய்ச் சேர ஒன்பதாயிடும் மேடம். அதனால அஞ்சு அடிச்சதும் கிளம்ப வசதியா, நாலு மணிக்கே ரெஜிஸ்டரை மூடி முத்திரையைப் பூட்டிடுவேன். அப்புறம் வர்றதுக்கெல்லாம் மறுநாள் காலையில குத்துவேன். ஒரு நாள்ல என்ன குடிமுழுகிடும்னு நினைச்சேன். இவங்களுக்கு லெட்டர் போன பிறகு, சொல்ல பயமாயிடுச்சு.”

லஞ்சமும் இல்லை, சதியும் இல்லை. காலையில் தான் சொன்னதை நினைத்து மின்னல் தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைவி அங்கேயே உத்தரவு எழுதினார். மனு பதினாலாம் தேதி வந்ததாகவே கொண்டு விசாரிக்கப்படும். முடிவு தெரியும்வரை ஒப்பந்தம் கையெழுத்தாகக் கூடாது. குமாஸ்தா எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இந்த வருஷம் காலம் கடந்ததென்று தள்ளிய மனுக்களையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

“ஜெயிக்கிறேனோ தோக்கறேனோ, நான் என்ன சொல்றேன்னு கேக்கறதா சொன்னாங்களே, அது போதும்,” என்று பட்டறைக்கார அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேலையாட்களிடம் சொல்ல ஓடினாள்.

இருவரும் மெதுவாக வெளியே வந்தார்கள். மின்னல் ஒருமுறை திரும்பி அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாள்.

“நம்ம காலத்துல இப்படி நடந்திருக்குமா சார்?”

நிதானம் நடையைக் குறைத்தார்.

“நம்ம காலத்துல ஒருத்தர் கடைசி நாள், அஞ்சு மணிக்கு மேல மூணு நிமிஷம் ஆனப்போ ஓடி வந்தார். மூச்சு வாங்கிக்கிட்டு மனுவை நீட்டினார். நேரம் முடிஞ்சுதுன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

“ரூல்படி சரிதானே சார்?”

“சரிதான். இன்னைக்கு வந்தாலும் அதைத்தான் சொல்லணும்.”

“என்ன மனு சார் அது?”

“தெரியாது, மின்னல்,” என்றார் அவர். “வாங்கிப் படிச்சாவது பார்த்திருக்கலாம்.”