மரத்துப்போன இரண்டு விரல்கள்

"டாக்டர், இவ நடிக்கிறான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. வேலைய விட்டு அனுப்பணும்" என்றார் தீப்பெட்டித் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ரூட்ஸ்ட்ரோம், தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

பெட்டி அடைக்கும் ஹில்மா அவர் பின்னால் தலைகுனிந்து நின்றாள். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மூன்று வாரமாக மரத்துக் கிடந்தன.

நர்ஸ் எல்னாவுக்கு எரிச்சலாக வந்தது. ஹில்மாவைக் கேட்டால் ரூட்ஸ்ட்ரோம்தான் பதில் சொன்னார். கோர்ட்டுக்குப் போய் வந்ததிலிருந்து இந்த நாடகம் என்றார். எந்த வழக்கு என்று டாக்டர் ஹெட்வால் கேட்டதும், வாயிலிருந்த புகையிலைப் பைப்பைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். குச்சி உலர்த்தும் கொட்டகை எரிந்த வழக்கு. தீ வைத்ததாக, ஹில்மாவின் சாட்சியை நம்பி, ஏவர்ட் என்ற தொழிலாளிக்கு இரண்டு வருடம் சிறை.

எல்னா காப்பி கொடுத்தாள். ஹில்மா கொதிக்கும் கோப்பையின் மேல் அந்த இரு விரல்களையும் அழுத்திப் பிடித்தபடி சும்மா இருந்தாள். எல்னா பதறிப்போய் அதை வாங்கி வைத்துவிட்டு, ஊசியால் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரலில் பட்டதும் கை பின்வாங்கியது. அந்த இரண்டில் மட்டும் நுனி முதல் அடி வரை உணர்ச்சியில்லை.

"நரம்புக் கோளாறா, டாக்டர்?"

"அப்படின்னா கட்டைவிரலும் சேர்ந்து மரத்திருக்கும், எல்னா. இந்த ரெண்டு விரல மட்டும் நாம எங்க வைப்போம்?"

எல்னாவுக்குப் புரிந்துவிட்டது. கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது இந்த இரண்டு விரல்களைத்தான் பைபிளின் மேல் வைத்துச் சத்தியம் செய்வார்கள்.

டாக்டரின் குரல் உயரவில்லை. கையிலிருந்த பென்சில்தான் ஒடிந்தது.

"இவ நடிக்கல. பொய்ச் சத்தியத்த மனசு தாங்கல, விரல் வாங்கிக்கிச்சு. யாரும்மா சொல்லச் சொன்னது?"

"வாயத் திறந்தேன்னா, நீ இருக்குற வீடு கம்பெனியோடது, ஞாபகம் வச்சுக்க" என்று ரூட்ஸ்ட்ரோம் எழுந்தார்.

எல்னா குறுக்கே வந்து நின்று, ஹில்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏவர்ட் அன்னிக்கு அந்தப் பக்கமே வரல" என்றாள் ஹில்மா. "இவருதான் பைப்போட உள்ள போனாரு. பாத்தேன்."

கொட்டகையில் புகைபிடித்தால் யாராயிருந்தாலும் வேலை போய்விடும். அதற்குப் பயந்து ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்.

டாக்டர் ஒரே வரி எழுதி நீட்டினார். 'இந்தக் கை பொய் சொல்லவில்லை.'

"நீங்க கேட்ட சீட்டு. இன்னொண்ணு நீதிபதிக்குப் போகுது."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. தனக்கும் தண்டனை வருமா என்று ஹில்மா கேட்டாள். வரலாம் என்றார் டாக்டர்; தானாகவே போய்ச் சொன்னால் குறையும் என்றார்.

எல்னா கோட்டை மாட்டிக்கொண்டு, சூடாக வேறு காப்பி ஊற்றினாள். "தனியா எதுக்குப் போற? நானும் வர்றேன். மொதல்ல இதக் குடி."

ஹில்மா வலது கையை நீட்டினாள். கோப்பையில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, அந்த இரண்டு விரல்களையே பார்த்தாள்.

"சுடுது" என்றாள்.