உறைய மறுத்த சோப்பு

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. சாப்பிட்டாயிற்றா?

இல்லையென்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நான் சொல்லப்போகும் கதையைக் கேட்டபின், எண்ணெயில் பொரித்த எதுவும் தொண்டையில் இறங்காது. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!

"வீ...ல்!"

காலை ஏழரை மணி. சாங்ஹுவா மேல்நிலைப் பள்ளி. பிள்ளைகள் பெருக்கித் துடைக்கும் நேரம்.

கெமிஸ்ட்ரி லேபுக்குள் துடைப்பத்தோடு போன மாணவி, துடைப்பம் இல்லாமல் ஓடி வந்தாள். வராந்தாவிலேயே வாந்தி எடுத்தாள்.

உள்ளே...

ஆறு பிளாஸ்டிக் தொட்டிகள். ஐந்தில் சோப்பு வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது.

ஆறாவதில் ஒரு மனிதன். முகம் குப்புற!

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் லியாவ் பி-யுன் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது அம்மாள். கையில் பாதி கடித்த முட்டை ரோல்.

"செத்தது யாருய்யா?"

"ஹுவாங் ஜின்-ஷுய், மேடம். இந்த ஸ்கூல் கேன்டீன் கான்ட்ராக்டர். பின்மண்டையில அடி. பக்கத்துலயே லேப் இரும்பு ஸ்டாண்ட் கிடக்கு," என்றார் கான்ஸ்டபிள் பே. "ஆளை வெளிய தூக்குறதுக்குள்ள நம்ம பசங்க ரெண்டு பேர் வாந்தி எடுத்துட்டாங்க."

"நீ?"

"நான் மூணாவது, மேடம்..."

லியாவ் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

மேலே விரல் கனத்துக்குக் கறுப்பு எண்ணெய். அதன் கீழே, திரிந்த பாலைப் போல் சாம்பல் நிறக் கட்டிகள். அடியில் கலங்கல் தண்ணீர். செத்தவர் வாயிலிருந்து விழுந்த பாக்குச் சக்கை ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

நாற்றம்... அடைத்துப்போன சாக்கடையை யாரோ வறுத்தது மாதிரி!

"சீ! எந்தச் சாக்கடையிலேருந்து அள்ளினது?"

"சாக்கடை இல்ல, மேடம். கேன்டீன் வாணலி!"

சொன்னவள் கெமிஸ்ட்ரி டீச்சர் கோ ஷு-லான். இரண்டு பக்கமும் போலீஸ். முகம் வெளுத்திருந்தது.

"இந்தம்மாதான், மேடம்!" உள்ளே நுழைந்தார் ஹெட்மாஸ்டர் சாய் வென்-ஷியோங். அக்டோபர் வெயிலிலும் கோட்டுக்கு எல்லாப் பட்டனும் போட்டிருந்தார். "நேத்து ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் ஹுவாங்கைப் பார்த்துக் கத்தினாங்க. 'இந்த எண்ணெயிலயே உன் மூஞ்சிய முக்குறேன் பாரு'ன்னு! அதே மாதிரி முக்கிட்டாங்களே!"

"சொன்னீங்களா, டீச்சர்?"

"சொன்னேன்," என்றாள் கோ. "வாயால சொன்னேன். கையால செய்யல."

"லேப் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. ஆபீஸ் ஆணியில ஒண்ணு."

"ஆணியில தொங்குறது எல்லாம் சாட்சி ஆகுமா?" சாய் சிரித்தார். வயிற்றை லேசாகச் சொறிந்துகொண்டார்.

லியாவ் யோசித்தார். பகை இருக்கிறது. மிரட்டல் இருக்கிறது. சாவி இருக்கிறது.

க்ளிக்!

கோவின் கைகளில் விலங்கு விழுந்தது.

"கொலைக் கேஸ், டீச்சர். வாழ்நாள் முழுக்க உள்ளதான். ஏதாவது சொல்லணுமா?"

"அஞ்சே நிமிஷம் குடுங்க, மேடம். இந்தத் தொட்டியைப் பத்தி மட்டும் சொல்லிடறேன்."

"சீக்கிரம். மூக்கைப் பொத்தியே எனக்குக் கை வலிக்குது."

"முந்தாநாள் பழைய எண்ணெயில சோப்பு செய்யிற பாடம் நடத்தினேன். எண்ணெயோட காஸ்டிக் சோடா சேர்ந்தா சோப்பாகும், கிளிசரின் பிரியும். அஞ்சு தொட்டிக்குப் பிள்ளைங்க வீட்டு எண்ணெய். அதெல்லாம் உறைஞ்சிடுச்சு. ஆறாவதுக்குக் கேன்டீன் எண்ணெய். அது உறையவே இல்ல!"

"ஏன்?"

"அதுல பாதிக்கு மேல சமையல் எண்ணெயே இல்ல. மெஷினுக்குப் போடுற எண்ணெய். பெட்ரோலியத்துலேருந்து வர்றது. காஸ்டிக் சோடாவை எவ்வளவு ஊத்தினாலும் அது சோப்பாகாது. வயித்துலயும் செரிக்காது. போன மாதிரியே வழுக்கிட்டு வெளிய வந்துடும்."

லியாவ் முட்டை ரோலைக் கான்ஸ்டபிளிடம் நீட்டினார். பே இரண்டடி பின்னால் போனார்.

"மூணு நாளா எல்லாக் கக்கூஸ் வாசல்லயும் க்யூ நிக்குது, மேடம். முன்னூறு பிள்ளைங்க. டீச்சர்ங்க எல்லாரும். ஹுவாங்கோட பேத்தியும் இங்கதான் படிக்கிறா. நேத்து ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. அந்த மனுஷன் ராத்திரி போன்ல அழுதாரு. 'எண்ணெய் யார் குடுத்ததுன்னு காலையில லேபுக்கு வந்து சொல்றேன்'னாரு."

"வந்தாரா?"

"வந்துட்டாரு. எனக்கு முன்னாடியே... இன்னொருத்தரும் வந்திருக்காங்க!"

"கதை!" சாய் உறுமினார். "செத்தவன் வந்து சாட்சி சொல்வானா?" மறுபடியும் வயிற்றைச் சொறிந்தார்.

லியாவ் அவரையே பார்த்தார்.

"உங்க வயிறு எப்படி, சார்?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்!"

"அதான் கேக்கிறேன். ஊரே ஓடுது. பிள்ளைங்களுக்கு முன்னாடி தினமும் சாப்பிட்டுப் பாத்து முத்திரை குத்த வேண்டிய ஆளு நீங்க. நீங்க மட்டும் கல்லு மாதிரி! பே, கேன்டீன்ல அந்த முத்திரை குத்துற நோட்டை எடுத்துட்டு வாய்யா."

பே ஓடினார். நோட்டோடு திரும்பினார். முகத்தில் சிரிப்பு வழிந்தது.

"மேடம்... தினமும் 'சுவை அருமை'ன்னு சாரோட சிவப்பு முத்திரை. இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் குத்தியாச்சு!"

"சமைக்க வேண்டியவர் இங்க பொணமா கிடக்காரேய்யா!"

"நாளைக்கும் அருமைதான், மேடம். வெள்ளிக்கிழமை இன்னும் அருமை!"

சாய் அசரவில்லை.

"முன்கூட்டியே குத்தி வைப்பேன். சோம்பேறித்தனம்! அதுக்காகத் தூக்குல போடுவீங்களா?"

நியாயமான கேள்விதான், கண்ணுகளா. சோம்பேறியை எல்லாம் பிடித்து உள்ளே போட்டால் ஜெயில் போதுமா?

ஆனால் கோ டீச்சரின் கண்கள் வேறிடத்தில் இருந்தன.

ஹெட்மாஸ்டரின் வயிற்றில். சொறிவதை நிறுத்தாத அந்தக் கையில்.

"சார்... இந்த வெயில்ல எதுக்குக் கோட்டு?"

"ம... மரியாதைக்கு!"

"எரியுதா, சார்?"

சாயின் முகம் வெளிறியது.

"மேடம்! கோட்டைக் கழட்டச் சொல்லுங்க!"

"தொடாதே! நான் ஹெட்மாஸ்டர்..."

பே பட்டன்களை அவிழ்த்தார். அடுத்த நொடி, "உவ்வே!" என்று நாலாவது முறையாக யாரோ ஜன்னலுக்கு ஓடினார்கள்.

சிவப்புப் பட்டு டை. முடிச்சில் பளபளப்பு. கீழே வர வர...

பழுப்பு நிறக் கோழை! மூக்குச்சளியைப் போல் இழை இழையாக வழிந்தது. உள்ளே போட்டிருந்த கம்பளி வெஸ்டில் கையளவு ஓட்டை. ஓட்டைக்குள் தெரிந்த பருத்திச் சட்டை மட்டும் முழுசாக இருந்தது. அதற்கும் கீழே, தோல் வெந்து சிவந்திருந்தது.

இவ்வளவு நேரம் இந்த நாற்றமும் தொட்டியிலிருந்துதான் வருகிறது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்!

"பட்டும் கம்பளியும் புரோட்டீன், மேடம்," என்றாள் கோ. "காஸ்டிக் சோடா தின்னுடும். பருத்தியை ஒண்ணும் பண்ணாது. ஹுவாங்கைப் பிடிச்சு முக்கும்போது சார் குனிஞ்சிருக்காரு. டை தொட்டியோட அடிவரைக்கும் போயிருக்கு."

"ஆனா அது சோப்புத் தொட்டிதானே? மத்த தொட்டியில டை பட்டிருந்தா?" என்றார் லியாவ்.

"ஒண்ணும் ஆகியிருக்காது! நல்ல எண்ணெயா இருந்தா, சோடா முழுக்கச் சோப்பாகித் தீர்ந்திருக்கும். டை அழுக்காகியிருக்கும், அவ்வளவுதான். கேன்டீன் எண்ணெய் சோடாவைச் சீண்டவே இல்ல. அது அப்படியே அடியில பசியோட காத்துக்கிட்டிருந்துச்சு!"

சாய் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என் மச்சானோட எண்ணெய்... நான் சொல்லித்தான் ஹுவாங் வாங்கினான்... 'பேத்தி, பேத்தி'ன்னு ஒப்பாரி வெச்சான். எல்லாத்தையும் சொல்லிடுவேன்னான். ஆணியில இருந்த சாவியால லேபை நான்தான் திறந்தேன்... ஸ்டாண்ட் கைக்கு எட்டுச்சு... கொடியேத்த நேரமாயிடுச்சு. டையை மாத்த வழியில்ல. கோட்டை மாட்டிக்கிட்டேன்..."

க்ளிக்!

கோவின் கையிலிருந்து கழன்ற விலங்கு அவர் கைக்கு மாறியது.

"ஐயோ, எரியுதே! தண்ணி ஊத்துங்க! கழுவக் கொஞ்சம் சோப்பாவது குடுங்க!"

பே குழாயடிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார். லியாவ் முட்டை ரோலைக் குப்பைக்கூடையில் வீசிவிட்டு, ஆறாவது தொட்டியைக் காட்டினார்.

"உங்க எண்ணெயில செஞ்சதையே குடுக்கலாம்னு பாத்தேன், சார். என்ன பண்றது... அது இன்னும் உறையல!"

அவ்வளவுதான், என் செல்வங்களே. உங்கள் வீட்டு வாணலியில் நல்ல எண்ணெய் காயட்டும். உங்கள் பிள்ளைகள் உண்டதெல்லாம் உடம்பில் ஒட்டட்டும். உங்கள் வாசலில் சிரிப்பைத் தவிர வேறு எந்த க்யூவும் நிற்காமல் நீங்கள் நீடூழி வாழ்க!